பழைய ராணுவ வரைபடத்தை எப்படிப் படிப்பது? 1942 சிங்கப்பூரை வைத்து ஓர் எளிய விளக்கம்

இந்தப் பாலம் கனரக வண்டியைத் தாங்குமா? இந்த ஓடையை நடந்தே கடந்துவிடலாமா? அந்த மேட்டின் உச்சியில் ஏறினால் எதுவரை தெரியும்? ஊருக்குக் குடிதண்ணீர் எங்கிருந்து வருகிறது? ஒரு படை ஒரு நகரத்தை நெருங்கும்போது அதன் அதிகாரிகள் கேட்கும் கேள்விகள் இவை. இவற்றுக்குப் பதில் சொல்லத் தயாரித்த தாள்தான் ராணுவ வரைபடம். ஊரின் அழகு, கோயில் திருவிழா, கடைத்தெரு நெரிசல் எதுவும் அதற்குத் தேவையில்லை.

இரண்டாம் உலகப் போர்க் காலத்து வரைபடங்கள் இன்று இணையத்தில் ஏராளமாகக் கிடைக்கின்றன. சிங்கப்பூர் தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன, அமெரிக்காவின் டெக்சாஸ் பல்கலைக்கழக நூலகத்தில் இருக்கின்றன. பெரும்பாலோர் அவற்றைத் திறந்து, "அடேயப்பா, எவ்வளவு நுணுக்கம்!" என்று வியந்துவிட்டு மூடிவிடுகிறார்கள். கொஞ்சம் பழகினால் அதே தாளிலிருந்து ஒரு போரையும் ஓர் ஆக்கிரமிப்பையும் பின்தொடர முடியும்.

சிங்கப்பூரை எடுத்துக்கொள்வோம். 1942 பிப்ரவரி 15 அன்று பிரிட்டிஷ் படை அங்கே சரணடைந்தது. 1945 செப்டம்பர் வரை, ஏறத்தாழ மூன்றரை ஆண்டு, நகரம் ஜப்பானிய ராணுவத்தின் பிடியில் இருந்தது. பார்க்க வேண்டியது ஒரு சிறு தீவுதான் என்பதால் புதிதாகப் பழகுகிறவருக்கு வசதி. சிப்பாய்களாகவும் துறைமுகத் தொழிலாளர்களாகவும் தோட்டத்து ஆட்களாகவும் தமிழர்களும் அதற்குள் இருந்தார்கள் என்பது நமக்குக் கூடுதல் காரணம்.

முதலில் அளவை

தாளின் அடியில் 1:25,000 என்றோ 1:63,360 என்றோ ஒரு விகிதம் அச்சாகியிருக்கும். 1:25,000 என்றால் தாளில் ஒரு சென்டிமீட்டர், தரையில் 25,000 சென்டிமீட்டர், அதாவது 250 மீட்டர். நான்கு சென்டிமீட்டர் ஒரு கிலோமீட்டர். 63,360 என்ற எண் விசித்திரமாகத் தெரியும். ஒரு மைலில் அத்தனை அங்குலங்கள் இருக்கின்றன என்பதுதான் விஷயம். "ஒரு மைலுக்கு ஓர் அங்குலம்" என்று பிரிட்டிஷ் நில அளவையாளர்கள் சொல்லும் அளவை இது. இந்தியா, மலாயா முழுவதும் புழங்கியது.

இரண்டாவது எண் பெரிதாகப் பெரிதாக நுணுக்கம் குறையும். படைத்தலைவருக்கு முழுத் தீபகற்பமும் ஒரே பார்வையில் வேண்டும். காலாட்படையின் சிறு குழுவை நடத்தும் அதிகாரிக்குத் தன் முன்னால் இருக்கும் ஓடையும் மேடும் வேண்டும். தெருத்தெருவாகப் போக வேண்டியவருக்கு நகரத் திட்டப்படம் வேண்டும்; ஜப்பானிய நகரங்களுக்கு அமெரிக்க ராணுவ வரைபடப் பிரிவு தயாரித்தவை 1:12,500 அளவையில் இருக்கின்றன. எனவே ஒரு வரைபடத்தைப் பார்த்ததும் "இது எந்தப் பதவிக்காரரின் மேஜைக்குப் போன தாள்?" என்று கேட்டுக்கொள்ளுங்கள். அதற்கான பாதிப் பதில் அளவையிலேயே கிடைத்துவிடும்.

அப்புறம் கட்டங்கள்

ராணுவ வரைபடத்தைச் சாதாரணப் படத்திலிருந்து உடனே பிரித்துக் காட்டுவது, அதன் மேல் வலைபோல விரிந்திருக்கும் சதுரக் கட்டங்கள். ஒவ்வொரு கோட்டுக்கும் ஓர் எண் உண்டு. ஓர் இடத்தைச் சொல்ல வேண்டுமானால் முதலில் இடமிருந்து வலமாகப் போக வேண்டும், பிறகு கீழிருந்து மேலே ஏற வேண்டும். 374612 என்று ஓர் எண் வந்தால் முதல் மூன்று இலக்கமும் வலப்பக்கப் பயணம்: 37-ஆவது கோட்டைத் தாண்டி, அடுத்த கோட்டுக்குப் பத்தில் நான்கு பங்கு தூரம். அடுத்த மூன்றும் மேல்நோக்கிய பயணம்: 61-ஆவது கோட்டுக்கு மேலே பத்தில் இரண்டு பங்கு. கட்டத்தின் பக்கம் ஒரு கிலோமீட்டர் என்றால் இப்போது நீங்கள் 100 மீட்டர் துல்லியத்தில் ஓர் இடத்தைச் சொல்லிவிட்டீர்கள். பழைய பிரிட்டிஷ் படங்கள் சிலவற்றில் கட்டம் கெஜக் கணக்கில் இருக்கும். ஓரத்தில் பார்த்துக்கொள்வது நல்லது.

இது எதற்கு? பீரங்கிக்காரர் குறி வைக்கும் இடத்தைக் கண்ணால் பார்ப்பதில்லை. முன்வரிசையில் இருப்பவர் வயர்லெஸ்ஸில் சொல்லும் ஆறு இலக்கத்தை நம்பிச் சுடுகிறார். அந்த ஊரின் மொழி, தெருப் பெயர் எதுவும் தெரியாத ஒருவர் அந்த ஊரைச் சுட்டிக்காட்ட இந்தக் கட்டங்கள் போதும்.

வடக்கு மூன்று விதமாகக் குறித்திருக்கும்: உண்மை வடக்கு, கட்ட வடக்கு, திசைகாட்டி காட்டும் காந்த வடக்கு. நிலநடுக்கோட்டை ஒட்டிய சிங்கப்பூரில் காந்த வடக்குக்கும் உண்மை வடக்குக்கும் வித்தியாசம் மிகச் சிறிது. அதனால் இங்கே அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை.

பழுப்புக் கோடுகள்

விரல்ரேகைபோல வளைந்து போகும் பழுப்புக் கோடுகள் சமஉயரக் கோடுகள். ஒரே உயரத்தில் இருக்கும் புள்ளிகளை இணைத்து வரைந்தவை. நெருங்கி இருந்தால் செங்குத்தான சரிவு, விலகி இருந்தால் மெல்லச் சரியும் நிலம். சிங்கப்பூர் படத்தில் இக்கோடுகள் அதிகம் நெருங்கும் இடம் தீவின் நடுவே இருக்கிறது. அதுதான் புக்கிட் தீமா குன்று. உயரம் 160 மீட்டருக்குச் சற்று மேல். நம் ஊர் மலைகளோடு ஒப்பிட்டால் மலை என்றே சொல்ல மாட்டோம். ஆனால் தாழ்வான தீவில் அதைவிட உயர்ந்த இடம் வேறில்லை. அதன் அடிவாரத்திலேயே நகரத்துக்குள் போகும் பிரதான சாலையும் ஓடுகிறது. அங்கிருந்து கொஞ்சம் கிழக்கே, தீவின் நடுவில் நீல நிறத்தில் மூன்று நீர்த்தேக்கங்கள்: மெக்ரிட்சி, பியர்ஸ், சிலேத்தார்.

இந்த மூன்றையும், அதாவது குன்று, சாலை, தண்ணீர், ஒருசேரப் பார்த்தால் எட்டு நாள் சண்டை எங்கே போய் முடியும் என்பதைப் படமே சொல்லிவிடுகிறது.

தாளில் இருக்கும் மூன்று தேதிகள்

அந்தச் சண்டைக்குப் போகும் முன் ஓர் எச்சரிக்கை. பழைய வரைபடங்களில் பலரும் தடுக்கி விழும் இடம் தேதி. "1945 வரைபடம்" என்று யாராவது காட்டினால், 1945-இல் அந்த ஊர் அப்படி இருந்தது என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. ஒரு தாளுக்குக் குறைந்தது மூன்று தேதிகள் உண்டு. நிலத்தை அளந்த தேதி, தாளை அச்சடித்த தேதி, யாரோ ஒருவர் அதை விரித்து வைத்துப் பயன்படுத்திய தேதி. அளந்ததற்கும் பயன்படுத்தியதற்கும் இடையே பத்து, இருபது ஆண்டு இடைவெளி சர்வ சாதாரணம்.

உதாரணம் ஒன்று. போருக்கு முந்தைய மலாயா படங்களில் கிழக்குக் கரைப் பக்கம் போகும் ரயில் பாதை முழுசாக இருக்கும். தாய்லாந்திலிருந்து பர்மாவுக்குப் போகும் சயாம்-பர்மா ரயில் பாதை போடத் தண்டவாளம் வேண்டும் என்பதற்காக ஜப்பானியர்கள் அந்தப் பாதையின் நீண்ட பகுதியைப் பெயர்த்து எடுத்துக்கொண்டு போனார்கள். பழைய அளவீட்டை அப்படியே வைத்து 1945-இல் மறு அச்சு செய்த தாளில், இல்லாத ரயில் பாதை இருந்துகொண்டே இருக்கும்.

இன்னொன்று இதற்கு நேர்மாறானது. போருக்கு முந்தைய படத்தில் தீவின் கிழக்கு முனையான சாங்கியில் ராணுவ முகாம், பீரங்கித் தளம், சிறைச்சாலை எல்லாம் உண்டு, விமானத்தளம் கிடையாது. பிடிபட்ட நேச நாட்டுப் போர்க்கைதிகளை வைத்து 1943, 1944-இல் ஜப்பானியர் அங்கே ஓடுபாதை அமைத்தார்கள். போருக்குப் பின் அது பிரிட்டிஷ் விமானப்படைத் தளம் ஆனது. இன்றைய சாங்கி விமான நிலையத்தின் வரலாறு அங்கிருந்துதான் தொடங்குகிறது. ஆக, கையில் இருக்கும் தாளில் சாங்கியில் ஓடுபாதை இருக்கிறதா என்று பார்த்தாலே அது எந்தக் காலத்துத் தகவல் என்று ஓரளவு தெரிந்துவிடும்.

தயாரித்தவர் யார் என்பதும் ஓரத்திலேயே இருக்கும். ஜி.எஸ்.ஜி.எஸ். என்று தொடங்கும் எண் இருந்தால் பிரிட்டிஷ் ராணுவத் தலைமையகத்தின் புவியியல் பிரிவு. "ஹிந்த்" என்று தொடங்கினால் இந்திய நில அளவைத் துறையின் போர்க்கால வரிசை. ஏ.எம்.எஸ். என்றால் 1942-இல் உருவான அமெரிக்க ராணுவ வரைபடப் பிரிவு. போர் முடிவதற்குள் அது அச்சடித்த தாள்கள் 50 கோடிக்கும் மேல்.

ஜப்பானிய ராணுவத்துக்கும் 1888 முதல் சொந்தமாக நில அளவைத் துறை இருந்தது. வெளிநாடுகளுக்காக அது தயாரித்த படங்களுக்கு மொத்தமாக "கைஹோசு" என்று பெயர். இதில்தான் வேடிக்கை. அவற்றில் கணிசமானவை ஜப்பானியர் புதிதாக அளந்தவை அல்ல. கைப்பற்றிய பிரிட்டிஷ், டச்சு, அமெரிக்கப் படங்களை எடுத்து, மேலே ஜப்பானிய எழுத்தில் ஊர்ப் பெயர்களை ஏற்றி மறு அச்சு செய்தவை. மலாயாவுக்கும் இதுதான் நடந்தது. பிரிட்டிஷ் நில அளவைத் துறை பல ஆண்டு செலவழித்து, காட்டிலும் தோட்டத்திலும் சங்கிலி பிடித்து அளந்தது, கடைசியில் பிரிட்டிஷாரை விரட்டவே உதவியது. ஓரத்தில் ஜப்பானிய அரசரின் ஆட்சி ஆண்டுக் கணக்கில் ஷோவா 17 என்று இருந்தால் அது 1942. "ரகசியம்", "அதிரகசியம்" என்ற முத்திரைகளும் இருக்கலாம். 1945-இல் தோற்றதும் இத்தகைய தாள்களை எரிக்க உத்தரவு போனது. தப்பியவற்றில் ஒரு பகுதியை ஜப்பானியப் புவியியல் பேராசிரியர்கள் காப்பாற்றிப் பல்கலைக்கழகங்களில் வைத்தார்கள், இன்னொரு பகுதி அமெரிக்கப் படையின் கையில் சிக்கி அந்நாட்டு நூலகங்களுக்குப் போனது. இன்று நாம் பார்ப்பவை பெரும்பாலும் இப்படித் தப்பிப் பிழைத்தவை.

எட்டு நாள்

இப்போது படத்தை விரிக்கலாம். தீவின் வடக்கே ஜொகூர் நீரிணை. அதன் குறுக்கே, தீவையும் மலாயாவையும் இணைக்கும், ஒரு கிலோமீட்டரைச் சற்றே தாண்டும் கடற்பாலம். 1942 ஜனவரி 31 அன்று கடைசிப் படைகள் தீவுக்குள் வந்ததும் பிரிட்டிஷார் அதில் ஒரு பகுதியை வெடிவைத்துத் தகர்த்தார்கள். படத்தில் கடற்பாலம் ரயிலையும் சாலையையும் காட்டும். அதன் வழியே ஜொகூரிலிருந்து நகரத்துக்குத் தண்ணீர்க் குழாயும் வந்தது. பாதையோடு குழாயும் போனது. அப்புறம் தீவுக்குள் இருந்த நீர்த்தேக்கங்களை மட்டுமே நம்ப வேண்டிய நிலை.

பிரிட்டிஷ் தளபதி பெர்சிவலிடம் சுமார் 85,000 பேர் இருந்தார்கள். எதிரே ஜெனரல் யாமஷிதாவிடம் தாக்குதலுக்கு இருந்தவர்கள் அதில் பாதிக்கும் குறைவு. ஆனால் காக்க வேண்டிய கரை நீளமானது. ஜப்பானியர் வடகிழக்கில்தான் இறங்குவார்கள் என்று பெர்சிவல் எதிர்பார்த்தார். பிப்ரவரி 7 இரவு வடகிழக்கில் புலாவ் ஊபின் தீவில் ஜப்பானியர் இறங்கி அந்த எண்ணத்தை உறுதிப்படுத்தினார்கள். அது கண்கட்டு வித்தை. மறுநாள் 8-ஆம் தேதி இரவு உண்மையான படை வடமேற்கில், சாரிம்பூன் கரையில் இறங்கியது. படத்தில் அந்தப் பக்கம் ஓடைகளும் அலையாத்திச் சதுப்பும் ரப்பர்த் தோட்டமும்தான். காவல் நின்ற ஆஸ்திரேலியப் படைப்பிரிவு அந்த இடைவெளிகளில் சிதறிக் கிடந்தது. இருட்டில் ஓடை வழியே உள்ளே போனவர்களைப் பல இடங்களில் அவர்கள் பார்க்கவேயில்லை.

இதற்கடுத்து நடந்ததுதான் வரைபடம் பற்றிய பாடத்தில் எனக்கு மிக முக்கியமாகப் படுவது. தீவின் மேற்கில் வடக்கு நோக்கி ஓடும் கிராஞ்சி ஆறு, தெற்கு நோக்கி ஓடும் ஜூரோங் ஆறு. இரண்டும் தொடங்கும் இடங்களுக்கு இடையே இருப்பது ஒரு குறுகலான நிலத்துண்டு. தாளில் பார்த்தால் பென்சிலை எடுத்துக் கோடு போடக் கை தானாகப் போகும். இங்கே நின்றால் மேற்கிலிருந்து வருபவர்களைத் தடுத்துவிடலாம் என்று தோன்றும். அப்படித்தான் தற்காப்புக் கோடு போட்டார்கள். அதே சமயம், நிலைமை மோசமானால் நகரைச் சுற்றி எங்கே கடைசி வளையம் அமைப்பது என்று பெர்சிவல் முன்னேற்பாடாக ஒரு திட்டத்தை எழுதிக் கீழ்மட்டத் தளபதிகளுக்கு அனுப்பினார். "தேவைப்பட்டால்" என்று எழுதியதை "உடனே" என்று படித்துவிட்டார் ஒரு பிரிகேடியர். படையைப் பின்னுக்கு நகர்த்தினார். பிப்ரவரி 10-க்குள் அந்தக் கோடு கையைவிட்டுப் போனது. எதிரி உடைத்ததைவிட, வளையத்துக்குப் பின்வாங்குவது பற்றி வந்த காகிதம் உடைத்தது அதிகம். தாளில் கோடு போடுவது எளிது. அந்தக் கோட்டில் யார் நிற்கிறார்கள், எதுவரை நிற்பார்கள் என்பது தாளில் இருக்காது.

11-ஆம் தேதிக்குள் புக்கிட் தீமா ஜப்பானியர் வசம். அங்கிருந்த உணவு, எரிபொருள் கிடங்குகளும் போயின. நீர்த்தேக்கப் பகுதியும் அவர்கள் கைக்கு வந்தது. அகதிகளோடு சேர்த்துப் பத்து லட்சத்தை நெருங்கும் மக்கள் நகரத்துக்குள் நெருக்கியடித்துக்கொண்டிருந்தார்கள். குண்டுவீச்சில் குழாய்கள் உடைந்து தண்ணீர் தெருவில் ஓடியது. 15-ஆம் தேதி காலை ஃபோர்ட் கேனிங் குன்றின் அடியில் இருந்த நிலவறைத் தலைமையகத்தில் கூடிய தளபதிகள், இனித் தாங்காது என்று முடிவெடுத்தார்கள். அன்று மாலை புக்கிட் தீமாவில் ஃபோர்டு மோட்டார் தொழிற்சாலையில் சரணாகதி கையெழுத்தானது. குன்று, சாலை, தண்ணீர்.

இடையில் ஒன்று. "சிங்கப்பூரின் பீரங்கிகள் தவறான பக்கம் திரும்பியிருந்தன" என்ற கதையைக் கேட்டுக் கேட்டுச் சலித்துவிட்டது. கடற்கரைப் பீரங்கிகள் கப்பல்களைத் தாக்க வைத்தவை, கடலைப் பார்த்துத்தான் இருக்கும். சாங்கியில் இருந்த 15 அங்குலப் பீரங்கிகளில் சிலவற்றைத் தரைப் பக்கம் திருப்பவும் முடிந்தது, திருப்பிச் சுடவும் செய்தார்கள். சிக்கல் குண்டில் இருந்தது. கையிருப்பில் பெரும்பாலானவை கப்பலின் இரும்புக் கவசத்தைத் துளைக்கும் வகை. ஈர மண்ணில் விழுந்தால் ஆழமாகப் புதைந்து வெடிக்கும், சுற்றியிருக்கும் காலாட்படைக்கு அதனால் பெரிய சேதம் வராது.

பிடித்தாயிற்று, இனி?

இங்கேதான் "ஆக்கிரமிப்பு" என்ற கருத்து உள்ளே வருகிறது. சண்டையில் ஓர் இடத்தைப் பிடிப்பது வேறு, ஆக்கிரமித்து வைத்திருப்பது வேறு. போர் நடத்தும் முறை பற்றி நாடுகள் ஒப்புக்கொண்ட 1907-ஆம் ஆண்டின் ஹேக் விதிகள் இதற்கு ஓர் எல்லை வகுத்திருக்கின்றன. பகைப்படையின் அதிகாரத்தின் கீழ் உண்மையாகவே வந்துவிட்ட நிலப்பகுதிதான் ஆக்கிரமிக்கப்பட்ட பகுதி. அந்த அதிகாரம் நிலைபெற்று, அதைச் செலுத்தவும் முடிகிற இடம் வரைதான் ஆக்கிரமிப்பு நீளும். ஒரு தளபதி வரைபடத்தில் சிவப்பு அம்புக்குறி போட்டுவிட்டால் மட்டும் ஆகாது.

அப்படி வைத்திருப்பவர் அந்த மண்ணின் உரிமையாளர் ஆகிவிடுவதில்லை என்பது அடுத்த முக்கியமான செய்தி. தற்காலிகமாக நிர்வகிக்கிறவர், அவ்வளவே. பொது ஒழுங்கைக் காக்க வேண்டும், முடிந்தவரை அங்கே ஏற்கனவே இருந்த சட்டங்களை மதிக்க வேண்டும். தன்னிடம் விசுவாசப் பிரமாணம் செய்யச் சொல்லி மக்களைக் கட்டாயப்படுத்தக் கூடாது. உயிர், குடும்ப மானம், தனியார் சொத்து ஆகியவற்றை மதிக்க வேண்டும். சிலர் செய்ததற்காக எல்லோரையும் தண்டிக்கக் கூடாது. பிரிட்டனும் ஜப்பானும் ஏற்றுக்கொண்டிருந்த விதிகள் இவை. 1949-இல் வந்த நான்காம் ஜெனீவா ஒப்பந்தம் இவற்றை இன்னும் விரித்தது.

சிங்கப்பூரில் நடந்ததை இந்த விதிகளுக்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். சரணடைந்த சில நாட்களிலேயே ஊரின் பெயர் சியோனான் ஆனது. கடிகாரங்களை டோக்கியோ நேரத்துக்கு மாற்றச் சொன்னார்கள், ஒன்றரை மணி நேரம் முன்னால் தள்ள வேண்டியிருந்தது. ஆண்டு 1942 என்று இல்லாமல், ஜப்பானியப் பேரரசுக் கணக்கில் 2602 ஆனது. ராணுவ நிர்வாகத்தின் கீழ் ஒரு சிறப்பு மாநகராட்சி அமைத்து ஜப்பானிய மேயரை வைத்தார்கள். புதிய பணம் அச்சடித்தார்கள். பத்து டாலர் நோட்டில் வாழை மரம் இருந்ததால் மக்கள் அதை வாழைமரப் பணம் என்றார்கள். கணக்கில்லாமல் அச்சடித்ததில், பிற்பாடு வந்த நோட்டுகளில் வரிசை எண் போடுவதையும் விட்டுவிட்டார்கள். அரிசி விலை எங்கேயோ போனது, ஜனங்கள் மரவள்ளிக்கிழங்குக்கு மாறினார்கள். போர் முடிந்ததும் அந்தப் பணம் செல்லாது என்று பிரிட்டிஷார் அறிவித்தார்கள்.

படையெடுப்பின்போது வரைபடத்தில் குன்றும் ஓடையும் முக்கியம். ஆக்கிரமிப்பு தொடங்கியதும் அதே தாளில் பார்வை தெருக்களுக்கும் கட்டடங்களுக்கும் நகர்கிறது. எந்தத் தெருவில் எத்தனை வீடு, யார் எங்கே இருக்கிறார்கள், யாரை எங்கே கூட்டிச் சேர்ப்பது? பிப்ரவரி 18-இல் தொடங்கி மார்ச் தொடக்கம் வரை இது எவ்வளவு கொடூரமாகப் போனது என்பதை உலகம் "சூக் சிங்" என்ற பெயரில் அறியும். நகரத்தைப் பகுதி பகுதியாகப் பிரித்து, 18 முதல் 50 வயதுவரையான சீன ஆண்களைச் சோதனை மையங்களுக்கு வரச் சொன்னார்கள். கெம்பெய்தாய் என்ற ராணுவப் போலீஸ் அவர்களைத் தரம் பிரித்தது. ஜப்பான் எதிர்ப்பாளர் என்று சந்தேகித்தவர்களை லாரியில் ஏற்றிச் சாங்கி, பொங்கோல், சிக்லாப் போன்ற கரையோரங்களுக்குக் கொண்டுபோய்க் கொன்றார்கள். விசாரணை என்று ஒன்று இருக்கவில்லை. இறந்தவர்கள் சுமார் 5,000 என்றது ஜப்பானியத் தரப்பு. சீனச் சமூகம் 50,000 வரை சொல்கிறது. மேலே சொன்ன ஹேக் விதிகளில் எத்தனை இங்கே உடைந்தன என்று நான் தனியாக எண்ணிக் காட்ட வேண்டியதில்லை.

அதற்குப் பிறகும் அடையாளச் சான்று, ரேஷன் அட்டை, அண்டை வீட்டார் குழு என்று கண்காணிப்பு தொடர்ந்தது. ஒரு குழுவில் யாராவது தப்பு செய்தால் பொறுப்பாளர் பதில் சொல்ல வேண்டும். ஸ்டாம்ஃபர்டு சாலையில் இருந்த ஒய்.எம்.சி.ஏ. கட்டடம் கெம்பெய்தாயின் சித்திரவதைக்கூடம் ஆனது. படத்தில் அது முன்பு இருந்த அதே சின்னக் கறுப்புக் கட்டம்தான்.

இந்தியர்களின் இடங்கள் இதே தாளில் வேறு விதமாகத் தென்படும். ஃபேரர் பார்க் திடலில் பிப்ரவரி 17 அன்று, 40,000-க்கும் மேற்பட்ட இந்தியச் சிப்பாய்களைப் பிரிட்டிஷ் அதிகாரி ஜப்பானியரிடம் ஒப்படைத்தார். அங்கேயே ஜப்பானிய மேஜர் புஜிவாராவும் இந்தியக் கேப்டன் மோகன் சிங்கும் பேசினார்கள், இந்திய தேசிய ராணுவத்துக்கு ஆள் திரட்டுவது தொடங்கியது. பாடாங் திடலில் 1943 ஜூலை 5 அன்று சுபாஷ் சந்திர போஸ் அணிவகுப்பைப் பார்வையிட்டார். கேத்தே கட்டடத்தில் அக்டோபர் 21 அன்று தற்காலிக சுதந்திர இந்திய அரசை அறிவித்தார். ராணி ஜான்சி படைப்பிரிவில் மலாயாவின் தோட்டத்துத் தமிழ்ப் பெண்களும் சேர்ந்தார்கள். ஆக்கிரமிப்பு என்பது ஒரே நகரத்தில் ஒருவருக்குக் கொலைக்களமாகவும் இன்னொருவருக்கு விடுதலைக்கான வாசலாகவும் தெரிந்தது என்பதைப் பலர் பேசத் தயங்குகிறார்கள். பேசாமல் விட்டால் அந்தக் காலத்தைப் புரிந்துகொள்ள முடியாது என்பது என் எண்ணம்.

ஆனால் அந்த வாசல் எல்லாத் தமிழர்களுக்கும் திறக்கவில்லை. மலாயா படத்தில் ரப்பர்த் தோட்டத்துக்குத் தனிக் குறி இருக்கும். தொழிலாளர் குடியிருந்த லயங்கள் சாலையோரத்தில் வரிசையாகச் சிறு கட்டங்களாகத் தெரியும். ஏற்றுமதி நின்றதும் ரப்பருக்கு வேலை இல்லை. அந்த லயங்களிலிருந்து பல்லாயிரம் பேர், சம்பளம் என்ற ஆசை வார்த்தைக்கும் கட்டாயத்துக்கும் இடையே, சயாம்-பர்மா ரயில் பாதைக்குப் போனார்கள். 415 கிலோமீட்டர் பாதை 1943 அக்டோபரில் முடிந்தது. காலரா, மலேரியா, பட்டினி, அடி. திரும்பாதவர்களுக்குச் சரியான கணக்கே வைக்கவில்லை. பழைய படத்தில் லயம் இருக்கும் இடத்தில் தொடர்ந்து லயம் இருக்கும், உள்ளே ஆள் இருக்கிறார்களா என்பதற்குக் குறி கிடையாது. அதற்கு வாய்மொழிப் பதிவுகளுக்குத்தான் போக வேண்டும். சிங்கப்பூர் தேசிய ஆவணக் காப்பகம் 1979 முதல் இத்தகைய பேட்டிகளைச் சேர்த்து வருகிறது, தமிழில் கொடுத்தவையும் அதில் உண்டு. ஒரு காதில் பேட்டி, கண் முன்னால் வரைபடம் என்று வைத்துக்கொள்வதுதான் இந்த விஷயத்தைப் படிக்கச் சிறந்த வழி.

மறுபடியும் ராணுவம்

1945 ஆகஸ்டில் ஜப்பான் பணிந்தது. செப்டம்பர் 5 அன்று பிரிட்டிஷ் படை சிங்கப்பூரில் இறங்கியது. 12-ஆம் தேதி நகரமன்றக் கட்டடத்தில் மவுண்ட்பேட்டன் முன்னிலையில் சரணாகதி. இந்திய தேசிய ராணுவத்தின் நினைவுச்சின்னம் ஒன்று எஸ்பிளனேட் பக்கம் எழும்பியிருந்தது, அதைத் திரும்பி வந்தவர்கள் வெடிவைத்துத் தகர்த்தார்கள். அதன் பிறகு 1946 மார்ச் இறுதி வரை பிரிட்டிஷ் ராணுவ நிர்வாகம். ஆக, நகரத்தைப் படையினரே ஆண்ட காலம் ஜப்பானியரோடு முடிந்துவிடவில்லை. பிரிட்டிஷார் கையிலும் போர்க்கால ராணுவப் படங்கள்தான்.

நீங்களே ஒப்பிட்டுப் பார்க்க

பழைய தாளை இன்றைய செயற்கைக்கோள் படத்தின் மேல் பொருத்திப் பார்க்க இலவச மென்பொருள்கள் இருக்கின்றன. இரண்டு படத்திலும் மாறாமல் இருக்கும் மூன்று, நான்கு புள்ளிகளைக் காட்டினால், மீதியை மென்பொருள் இழுத்துப் பொருத்திக்கொள்ளும். எதைப் புள்ளியாக எடுப்பது என்பதில்தான் கவனம் வேண்டும். சிங்கப்பூரில் கடற்கரையை மட்டும் எடுக்காதீர்கள். 1960-களின் நடுவிலிருந்து தென்கிழக்குக் கரை முழுக்கக் கடலை நிரப்பி நிலமாக்கியிருக்கிறார்கள். பழைய படத்தில் கடலோரத்தில் இருந்த சிக்லாப் இன்று உள்நாட்டில் இருக்கிறது. சூக் சிங்கில் கொல்லப்பட்டவர்களின் எலும்புகள் 1962-இல் வெளிப்பட்டது அந்தப் பகுதியில்தான். அவர்களுக்கான நினைவுச்சின்னம் நிற்பது பீச் ரோட்டில், அந்தச் சாலையும் இப்போது கடலை விட்டு வெகுதூரம் தள்ளி இருக்கிறது. புக்கிட் தீமா உச்சி, மெக்ரிட்சி அணை, ஃபோர்ட் கேனிங் குன்று, கடற்பாலம் நீரிணையைத் தொடும் இடம் ஆகியவை பாதுகாப்பான புள்ளிகள். பொருந்திய பிறகு முதலில் கிராஞ்சி, ஜூரோங் ஆறுகள் தொடங்கும் இடங்களைத் தேடிப் பாருங்கள். இரண்டு ஆறுகளிலும் அணைகட்டி நீரைத் தேக்கிவிட்டார்கள், ஆனாலும் 1942-இல் கோடு போட்ட இடம் எது என்று கண்டுபிடித்துவிடலாம்.